நடுவலிக்குப் (இடுப்பு வலிக்குப்) பிறகு மறுபடி பளு: எங்கிருந்து தொடங்குவது?

தக்கலைப் பக்கத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 26. ஐந்து வாரத்துக்கு முன் 120 கிலோ டெட்லிஃப்ட் (பளுக் கம்பியை, அதாவது பாரை, தரையில் இருந்து தூக்கி நிமிர்ந்து நிற்பது) எடுக்கும்போது இடுப்பில் சடக்கென்று பிடித்திருக்கிறது, அன்று இரவு கட்டிலில் புரளக்கூட முடியவில்லை, வலது பிட்டம் வரை வலி இறங்கியிருக்கிறது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ், அதாவது கீழ் முதுகில் இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் உள்ள மெத்தை (டிஸ்க்) கொஞ்சம் பிதுங்கியிருக்கிறது. இனி வாழ்க்கையில் பத்து கிலோவுக்கு மேல் தூக்காதே என்று ஒருவர் சொல்ல, பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வா, எல்லாம் சரியாகிவிடும் என்று ஜிம்மில் இன்னொருவர் சொல்ல, எதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறார். இப்போது வலி பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாம். பொங்கலுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, ஊரில் இளவட்டக்கல் தூக்கணும், முடியுமா என்பதுதான் கடைசி வரி.

மறுபடி தூக்கலாம் தம்பி. 120-ஐத் தாண்டியும் போகலாம். ஆனால் இந்தப் பொங்கலுக்குக் கல் வேண்டாம். அது ஏன் என்பதைக் கடைசியில் கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட், நாகர்கோவில் பக்கம் பதினாறு வருஷமாக இந்த வேலைதான். அதற்கு முன்னால் பளு தூக்கியவன், உங்களைப் போலவே நடுவு பிடித்து மாதக்கணக்கில் முடங்கியவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஆபத்தான அறிகுறிகளைப் பார்த்துவிடுவோம். சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தால் படும் இடம் மரத்துப்போயிருக்கிறதா, சிறுநீர் வராமல் அடைக்கிறதா அல்லது அறியாமல் போகிறதா, மலம் கட்டுப்படவில்லையா, இரண்டு காலிலும் பலம் குறைகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள், நடுராத்திரி ஆனாலும் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் மாதிரி அவசர சிகிச்சை உள்ள இடத்துக்குக் கிளம்புங்கள். கீழ் முதுகுத் தண்டின் நரம்புக் கற்றை நசுங்கினால் இப்படி வரும், அதில் மணிக்கணக்குத் தாமதம்கூடப் பெரிய நஷ்டம். அப்புறம், குதிகாலால் நாலு அடி நடந்து பாருங்கள். ஒற்றைக் காலில் நின்று பத்து தடவை குதிகாலைத் தூக்கிப் பாருங்கள், வலது, இடது என்று மாற்றி. ஒரு கால் தெளிவாகப் பின்தங்கினாலோ, நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று போனாலோ உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணம் இல்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் வந்தவர்கள், தென்னையில் இருந்தோ பனையில் இருந்தோ விழுந்தவர்கள், இவர்கள் எல்லோரும் முதலில் மருத்துவர், பிறகுதான் உடற்பயிற்சி. பதினைந்து பதினெட்டு வயதுப் பையன்களுக்குப் பின்னால் வளையும்போது, குறிப்பாக ஜெர்க் செய்து தலைக்கு மேல் பிடிக்கும்போது, ஒரே இடத்தில் குத்தினால் அது முள்ளெலும்பில் விழுந்த மெல்லிய விரிசலாக இருக்கலாம், அதற்கு வழி வேறு, இந்தப் பதில் அவர்களுக்குப் பொருந்தாது.

நீங்கள் எழுதியதில் இது எதுவும் இல்லை. சரி. அப்படியென்றால் அந்த எம்.ஆர்.ஐ. தாளைப் பற்றிப் பேசலாம்.

அந்தத் தாளைப் பார்த்துப் பயப்படாத ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. முதுகு வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. எந்த வலியும் இல்லாத 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது, 40 வயதில் பாதிப் பேருக்கு இருந்தது. அதாவது உங்கள் ஜிம்மில் உங்களுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டே பெஞ்ச் போடுகிறவரை எடுத்து ஸ்கேனில் படுக்கவைத்தாலும் அதே வார்த்தை வரலாம். உங்கள் பல்ஜ் இந்த வலிக்குக் காரணமாக இருக்கலாம், இந்த வலிக்கு முன்பே அங்கே இருந்திருக்கவும் செய்யலாம். டிஸ்க் பிதுங்கி நரம்பைத் தொட்ட நிலையில்கூடப் பல பேருக்கு அந்தப் பிதுக்கம் மாதங்களில் தானாகச் சுருங்கிவிடுகிறது, உடம்பே அதை அரித்துக் கரைத்துவிடும். ஆகவே அந்தத் தாளை மடித்து பீரோவில் வையுங்கள். இனி வாராவாரம் நாம் பார்க்கப்போவது உங்கள் உடம்பு என்ன செய்ய முடிகிறது என்பதை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 22 வயது, கிளீன் பயிற்சி (பாரைத் தரையில் இருந்து தோளுக்கு எடுப்பது), களைத்துப்போன பிறகும் இன்னொன்று என்று எடுத்தேன். பார் முழங்காலைத் தாண்டும்போது இடுப்பில் கத்தி இறங்கியது போல இருந்தது. பார்த்த மருத்துவர் ஒருவர், வாளித் தண்ணீர்கூடத் தூக்காதே என்றார். நான் சொன்னபடி கேட்கிற பையன். ஏழு மாதம் எதையும் தூக்கவில்லை. வலி ஒன்றரை மாதத்தில் போய்விட்டது, ஆனால் பயம் போகவில்லை. ஷூ லேஸ் கட்டக் குனியும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன், யாராவது பின்னால் இருந்து தோளில் தட்டினால் முதுகு முழுவதும் இறுகும். ஏழு மாதம் கழித்துப் பக்கத்து வீட்டு காஸ் சிலிண்டரை நகர்த்தப் போய் மறுபடி பிடித்தது, முன்னைவிட மோசமாக. முதுகு பலவீனமாக இருந்ததால் பிடித்ததா, எலும்பு தேய்ந்ததால் பிடித்ததா என்று அப்போது தெரியவில்லை. இப்போது தெரியும். ஏழு மாதம் பாரமே காணாத தசை, பாரத்தை மறந்துவிட்ட முதுகு, அதன் மேல் ஒரே நாளில் முப்பது கிலோ. பத்து கிலோவுக்கு மேல் தூக்காதே என்று சொன்னவர் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அந்த அறிவுரையை ஆயுசுக்கும் கடைப்பிடித்தால் ஒரு நாள் தண்ணீர் கேன்கூட உங்களுக்கு 120 கிலோவாக மாறிவிடும்.

படுக்கை ஓய்வும் அப்படித்தான். முதல் ஒன்றிரண்டு நாள் வலியில் படுப்பது இயற்கை. அதற்கு மேல் படுத்தால் வலி நீளும். பிடித்த முதல் வாரத்தில் செய்ய வேண்டியது, பத்துப் பத்து நிமிஷமாக ஒரு நாளில் நாலைந்து தடவை சமதரையில் நடப்பது, எந்த நிலையில் படுத்தால் காலில் உள்ள வலி மேலே இடுப்பை நோக்கிச் சுருங்குகிறதோ அந்த நிலையில் அடிக்கடி படுப்பது. சிலருக்குக் குப்புறப் படுத்தால் சுகம், சிலருக்கு ஒருக்களித்து முழங்கால்களுக்கு இடையில் தலையணை வைத்தால் சுகம். நம் ஊரில் முறிவெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவார்கள், அது இதம் தரும், செய்யுங்கள். ஆசானிடம் (வர்ம வைத்தியரிடம்) போய் உழிச்சல் (மசாஜ்) போட்டுக்கொள்வதையும் நான் குறை சொல்ல மாட்டேன், இறுகிய தசை இளகினால் அன்று ராத்திரி தூங்க முடியும். ஆனால் காலில் மரப்போ பலக்குறைவோ இருக்கும்போது மேலே ஏறிக் காலால் மிதித்து உழிய விடாதீர்கள், இடுப்பைத் திருகிச் சொடுக்கு எடுக்கவும் விடாதீர்கள்.

நீங்கள் ஐந்து வாரம் தாண்டிவிட்டீர்கள், அதனால் உங்களுக்கு இப்போது முக்கியம் காலை நேரம். இதை எனக்குப் புரியவைத்தவர் கீரிப்பாறைப் பக்கத்தில் இருந்து வந்த, ரப்பர் பால் வெட்டும் ஓர் அக்கா. விடியும் முன்னே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போனால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 மரம், ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குனிவு. "முதல் நாற்பது மரம் வரைக்கும்தான் உயிர் போகுது தம்பி, அதுக்கு அப்புறம் எப்படியோ சரியாயிருது" என்றார். எப்படியோ அல்ல, அதற்குக் காரணம் இருக்கிறது. இரவு முழுவதும் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன, அதனால்தான் காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாகவே எழுகிறோம். உப்பிய டிஸ்க்கில், குனியும்போது விழும் அழுத்தம் அதிகம். எழுந்து நடமாடிய முதல் ஒரு மணி நேரத்தில் அந்த அதிகப்படி நீர் பெரும்பகுதி வெளியேறிவிடும். நாள்பட்ட முதுகு வலிக்காரர்களைக் காலையில் குனிவதை மட்டும் தவிர்க்கச் சொல்லி 1998-ல் ஓர் ஆய்வு நடந்தது, அதிலேயே அவர்களுக்கு வலி குறைந்தது. அந்த அக்காவுக்கு வேலையை நிறுத்த வழியில்லை. ஆகவே வெட்டுப் பட்டை உயரத்தில் இருக்கும் மரங்களை முதலிலும், குனிந்து வெட்ட வேண்டிய தாழ்ந்த மரங்களைக் கடைசியிலும் வைத்து நடையை மாற்றச் சொன்னேன். மூன்று வாரத்தில் வந்து, பாதி கஷ்டம் போய்விட்டது என்றார். நீங்கள் காலை ஐந்தரைக்கு எழுந்து ஆறு மணிக்கு டெட்லிஃப்ட் போடுகிறவர் என்றால் உங்களுக்கும் இதேதான். சாயங்காலத்துக்கு மாற்றுங்கள், முடியாவிட்டால் எழுந்து ஒரு மணி நேரமாவது நடந்துவிட்டுத் தொடுங்கள். அதே போல மார்த்தாண்டத்தில் இருந்து நாகர்கோவில் வரை குழிக்குள் குதித்துக் குதித்து பைக் ஓட்டி வந்து, இறங்கியதும் நேராக பாரைப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள், பத்து நிமிஷம் நடங்கள் முதலில்.

அடுத்தது குனிவைத் திரும்பக் கற்றுக்கொள்வது. வீட்டில் மாப் போடுகிற கம்பை எடுத்து முதுகின் நீளத்துக்குப் பின்னால் பிடியுங்கள், ஒரு கை கழுத்துக்குப் பின்னால், ஒரு கை இடுப்புக்குப் பின்னால். கம்பு மூன்று இடத்தில் தொட வேண்டும்: பின்தலை, இரண்டு தோள்பட்டைகளுக்கு நடு, வால் எலும்பு. சுவரில் இருந்து ஒரு அடி தள்ளி, சுவருக்கு முதுகைக் காட்டி நின்று, முழங்காலை லேசாகத் தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் அனுப்பிச் சுவரைத் தொடுங்கள். தொட்டதும் எழுந்துவிடலாம். கம்பு எந்த இடத்திலாவது விலகினால் அந்த இடத்தில் உங்கள் முதுகு வளைகிறது என்று அர்த்தம். வந்த புதிதில் பெரும்பாலானவர்களுக்கு வால் எலும்புதான் முதலில் விலகும். தொடையின் பின்பக்கம் இழுத்துப் பிடிப்பது தெரிந்தால் சரியாகச் செய்கிறீர்கள். கால் அடி கால் அடியாகச் சுவரில் இருந்து தள்ளிப் போங்கள். தினமும் இருபது தடவை போதும். இதோடு சைடு பிளாங்க் (ஒருக்களித்து முழங்கையை ஊன்றி உடம்பை நேராகத் தூக்கிப் பிடிப்பது), நாலு காலில் நின்று எதிர் எதிர் கையும் காலும் நீட்டுவது, ஒரு முழங்காலை மடக்கிப் படுத்துத் தலையையும் தோளையும் மட்டும் ஓர் அங்குலம் தூக்குவது, இந்த மூன்றும். கனடா நாட்டு முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் பிரபலமாக்கியவை, பத்துப் பத்து விநாடியாகப் பிடித்து விடுங்கள். சிட்அப்பை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். லெக் பிரஸ் (சீட்டில் சாய்ந்து காலால் பலகையைத் தள்ளும் எந்திரம்) பாதுகாப்பானது என்று அதற்கு மாறுகிறவர்கள் நிறைய, ஆனால் பலகையை மார்பு வரை ஆழமாக இறக்கினால் இடுப்பு சீட்டில் இருந்து சுருண்டு எழும், நூறு கிலோவின் கீழ் முதுகு வளைகிற அந்த நிலைதான் உங்களுக்கு இப்போது ஆகவே ஆகாதது.

பாரைத் தொடுவதற்கு முன் தண்ணீர் கேன். எல்லார் வீட்டு வாசலிலும் நிற்கிற அதே 20 லிட்டர் கேன், நிரம்பினால் 20 கிலோ, ஆண்களின் ஒலிம்பிக் பாரும் சரியாக 20 கிலோதான். பாதி நிரப்பி, ஒரு ஸ்டூல் மேல் வைத்து, இரண்டு கையாலும் அணைத்தாற்போல் பிடித்து, வயிற்றை முன்னாலும் பக்கவாட்டிலும் சுற்றிலும் இறுக்கி, இடுப்பால் எழுந்து நில்லுங்கள். பத்து தடவை. வலியில்லாவிட்டால் இரண்டு நாள் கழித்து முழுக் கேன். அரை மணி நேரம் நடந்தால் வலி கூடவில்லை, தும்மினால் காலுக்கு மின்னல் பாயவில்லை, சைடு பிளாங்க் இரண்டு பக்கமும் அரை நிமிஷம் நிற்கிறது, முழுக் கேன் பத்து தடவை எளிதாக வருகிறது என்றால் நீங்கள் ஜிம்முக்குத் தயார். உங்கள் நிலையைப் பார்த்தால் இதற்கு இன்னும் இரண்டு வாரம் ஆகும் என்று நினைக்கிறேன்.

ஜிம்மில் முதல் நாள் 40 கிலோ, உங்கள் பழைய 120-ல் மூன்றில் ஒரு பங்கு. தரையில் இருந்து வேண்டாம், பிளேட்டுகளின் கீழ் பலகை அடுக்கி, பார் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரும்படி வையுங்கள். எட்டு எட்டாக மூன்று செட், இறக்கும்போது மூன்று எண்ணி மெதுவாக, ஒவ்வொரு செட் முடிவிலும் இன்னும் மூன்று நான்கு எடுத்திருக்கலாமே என்று தோன்ற வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் மூன்று நாள் இடைவெளி. முதல் மூன்று வாரம் எடையைக் கூட்டாதீர்கள், பலகையைத்தான் ஒவ்வொன்றாக எடுத்து பாரைத் தரைக்கு இறக்குகிறோம். உயரத்தை மாற்றும் வாரத்தில் எடையை மாற்றக் கூடாது, ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் வலி வந்தால் எதனால் வந்தது என்று தெரியாது. ஸ்குவாட்டுக்கு கெட்டில்பெல்லையோ டம்பெல்லையோ மார்போடு அணைத்து ஆரம்பியுங்கள், அடியில் இடுப்பு சுருளும் ஆழத்துக்கு ஒரு விரல்கடை மேலேயே நிறுத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நோட்டு வேண்டும், நான் என்னிடம் வருகிறவர்களிடம் கண்டிப்பாகக் கேட்பது இது ஒன்றைத்தான். மூன்று பத்தி: தூக்கிய எடை, தூக்கும்போது வலி பத்துக்கு எத்தனை, மறுநாள் காலை வலி பத்துக்கு எத்தனை. தூக்கும்போது 2, 3 வரை வலித்தால் பயப்பட வேண்டாம், முதுகு ஒன்றும் உடையவில்லை. மறுநாள் காலை பல் தேய்க்கக் குனியும்போது வழக்கமான அளவுக்குத் திரும்பிவிட்டதா என்பதுதான் கேள்வி. திரும்பிவிட்டால் அடுத்த வாரம் கூட்டுங்கள். கூடியிருந்தால் அதே எடையை இன்னொரு வாரம். வலி காலுக்கு இறங்கினால் இரண்டு படி பின்னால். வலி மாத்திரை போட்டுக்கொண்டோ, ஊசி போட்ட அன்றோ தூக்காதீர்கள், நோட்டில் நீங்கள் எழுதுகிற எண் பொய்யாகிவிடும், மறுநாள் காலை என்ன சொல்கிறது என்று தெரியாமல் அடுத்த எடைக்குப் போய்விடுவீர்கள்.

பெல்ட் பற்றிக் கேட்டீர்கள். மருந்துக்கடையில் வாங்கி நாள் முழுவதும் கட்டும் இடுப்பு பெல்ட்டையும், இடுப்பைக் கட்டி இழுக்கும் டிராக்ஷனையும் நாள்பட்ட முதுகு வலிக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2023 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது. என் தொழிலில் இன்னும் பலர் டிராக்ஷன் போடுகிறார்கள், நானும் பல வருஷம் போட்டேன், இப்போது நிறுத்திவிட்டேன். பளு தூக்கும் தோல் பெல்ட் வேறு விஷயம். வயிற்றை அதன் மேல் அழுத்தி இறுக்கத் தெரிந்தவனுக்கு அது உதவும். வெறும் வயிற்றாலேயே இறுக்கத் தெரியாதவருக்கு அது தைரியத்தை மட்டும்தான் தரும், அந்தத் தைரியம் இப்போது உங்களுக்கு வேண்டாம். 80 கிலோ வரை பெல்ட் இல்லாமலே போங்கள்.

வழியில் ஒரு தடவையாவது மறுபடி பிடிக்கலாம், சொல்லிவைக்கிறேன். பலருக்கும் நடக்கிறது. அன்று வீட்டுக்குப் போய் எல்லாம் முடிந்தது என்று படுத்துவிடாதீர்கள். நடங்கள், இரண்டு மூன்று நாளில் கம்புப் பயிற்சி, ஒரு வாரத்தில் பாதி எடை. முதல் தடவை ஐந்து வாரம் எடுத்தது இந்தத் தடவை ஐந்தாறு நாளில் அடங்குவதைப் பார்ப்பீர்கள். மீராபாய் சானு 2017-ல் உலக சாம்பியன், மறு வருஷமே இடுப்பு வலியால் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் போக முடியவில்லை. 2021-ல் டோக்கியோவில் 49 கிலோ பிரிவில் மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். நடுவில் இருந்த அந்த இரண்டரை மூன்று வருஷத்தைப் பாருங்கள் தம்பி, அவசரப்பட்டிருந்தால் அந்த வெள்ளி இல்லை.

இப்போது பொங்கல் கணக்கு. தயாராக இரண்டு வாரம், பலகையை இறக்க மூன்று வாரம், அப்புறம் வாரத்துக்கு 5 கிலோ வீதம் எட்டு வாரம். மொத்தம் பதின்மூன்று வாரம், அதாவது உங்கள் மூன்று மாதம். ஒரு தடங்கலும் இல்லாமல் போனால் பொங்கல் அன்று நீங்கள் நிற்பது 80-ல். அதுவும் கையில் அடங்கும் கம்பியில், முதுகு நேராக. இளவட்டக்கல் அப்படி இல்லை. உருண்டை, வழுவழுப்பு, பிடி கிடையாது. குனிந்து அடியில் கை கொடுத்து, முதுகு வளைந்த நிலையில்தான் தரையை விட்டுக் கிளப்ப முடியும், பிறகு தொடையில் ஏற்றி, மார்போடு அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் தள்ள வேண்டும். நூறு கிலோவைத் தாண்டும் கற்கள் உண்டு. வளைந்த முதுகோடு பாரம் தூக்குவதையும் முதுகு பழகிக்கொள்ளும், தாத்தாமார் எல்லாம் அப்படித்தான் தூக்கினார்கள், ஆனால் அது கடைசியாகத் திரும்பி வர வேண்டிய வேலை, முதலில் அல்ல.

அதனால் 80-க்குப் பிறகு வாரம் இரண்டரை கிலோ வீதம் இன்னும் எட்டு வாரத்தில் 100. அங்கே வந்ததும் ஒரு உரச்சாக்கில் 20 கிலோ மணல் கட்டி, முழங்கால் உயரத்தில் வைத்து அணைத்துத் தூக்க ஆரம்பியுங்கள். மாதம் 5 கிலோ கூட்டினால் போதும், அதே நோட்டு, அதே மூன்று பத்தி. அடுத்த பொங்கலுக்கு இரண்டு மாதம் முன்னால் எனக்கு எழுதுங்கள், சாக்கு எத்தனை கிலோவில் இருக்கிறது, மறுநாள் காலை எப்படி இருக்கிறது என்று பார்த்து எந்தக் கல் என்று முடிவு செய்வோம். இப்போதைக்கு எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு: குனிந்தால் வலி கூடுகிறதா, பின்னால் வளைந்தால் கூடுகிறதா? இன்று குதிகாலால் நடந்து பார்த்தபோது இரண்டு காலும் ஒன்று போல் இருந்ததா?